எண்ணூறு படங்களும் அம்மாவும்

எங்கள் வீட்டு ஹாலில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு டிஜிட்டல் ஃபிரேம் இருக்கிறது. பத்து அங்குலம். போன தீபாவளிக்கு அக்காவும் தம்பியும் நானும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, 250 ரிங்கிட் சொச்சத்துக்கு அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தது. இன்றைக்கு அதில் 143 படங்கள் உள்ளன. வாங்கிய முதல் வாரத்தில் 800க்கும் மேல் இருந்தன. அத்தனை படங்கள் எப்படிக் குறைந்தன என்பதைத்தான் சொல்ல வந்தேன். இதே பரிசை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கு உதவலாம்.

அம்மாவுக்கு 78 வயது. கிள்ளானில் என்னோடு இருக்கிறார். பேரப்பிள்ளைகளின் படமெல்லாம் எங்கள் கைப்பேசிகளில்தான். யாராவது வீட்டுக்கு வந்தால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "காட்டு, காட்டு" என்பார். நாங்களும் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டுவோம். "நான் பார்க்கறதுக்குள்ள ஓடிடுது" என்று அவர் குறைப்பட்டுக்கொள்வார். கண்ணில் புரை எடுத்த பிறகும் சின்னத் திரை அவருக்கு ஒத்துவரவில்லை. ஃபிரேம் வாங்கும் யோசனை அப்படித்தான் வந்தது.

வாங்கும்போது எனக்கு ஒன்றும் தெரியாது. பெட்டியின் மேல் அங்குலத்தைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். திரையில் எத்தனை புள்ளிகள் என்பதை ஓரத்தில் சிறிதாகப் போட்டிருப்பார்கள். பார்க்க வேண்டியது அந்த ஓரத்தைத்தான். விலை குறைந்தவற்றில் பல 1024க்கு 600. முகங்கள் கொஞ்சம் மசமசவென்று இருக்கும். எங்களுடையது 1280க்கு 800. வயதானவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பக்கவாட்டிலிருந்துதான் பார்ப்பார்கள் என்பதால், சாய்வாகப் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் திரையா என்று கேட்டு வாங்குவது நல்லது.

இன்னொன்று படத்தின் வடிவம். ஃபிரேம் அகலமானது. நம் வீட்டுக் கல்யாணப் படங்களோ பாதிக்குப் பாதி நின்றபடி எடுத்தவை, உயரமானவை. திரை முழுவதையும் நிரப்பச் சொன்னால் ஃபிரேம் மேலேயும் கீழேயும் வெட்டிவிடும். முதல் நாள் ஓடிய படத்தில் அக்கா மகளின் மாப்பிள்ளைக்குத் தலையே இல்லை. மாலையும் வேட்டியும் மட்டும் நின்றன. அமைப்புக்குள் போய், படம் முழுதாகத் தெரியும்படி மாற்றினால் இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், தலை முக்கியம்.

படங்களை ஏற்றியது அக்காவின் மகன். "எந்தப் படம் சித்தி?" என்று கேட்டான். தீபாவளிப் பலகாரத்தில் கை மாவாக இருந்தது. "எல்லாத்தையும் போடுடா" என்றேன். என் கைப்பேசியில் 2018லிருந்து இருந்தவற்றை மொத்தமாக ஏற்றிவிட்டான். பத்து நொடிக்கு ஒரு படம், வரிசையில்லாமல் கலந்து வரும்படி வைத்துவிட்டுப் போனான்.

இரண்டு நாள் வீடே கலகலப்பாக இருந்தது. பிறந்த நாள், பத்துமலைத் தைப்பூசம், பினாங்குப் பயணம் எல்லாம் வந்தன. நடுநடுவே மின்சாரக் கட்டண பில், பிள்ளையின் பள்ளி அறிவிப்பு, தம்பியின் கார் இடிபட்டபோது காப்புறுதிக்காக எடுத்த பம்பர் ஆகியவையும் வந்தன. "பில்லெல்லாம் சாமி படம் மாதிரி ஹால்ல வருதே" என்று அம்மா சிரித்தார். பிறகு உட்கார்ந்து நீக்கிக்கொள்ளலாம் என்று நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் இரவு. அம்மா மேசையில் இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஃபிரேமில் பினாங்குக் கடற்கரை போனது. அடுத்து அப்பா வந்தார்.

அது 2021 ஜூலையில் எடுத்தது. கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகள் கோவிட் நோயாளிகளால் நிரம்பி வழிந்த மாதம். அப்பா மருத்துவமனையில் இருந்தார். அம்மாவும் தொற்றோடு வீட்டின் பின்னறையில் தனியாக இருந்தார். யாரும் போய்ப் பார்க்க முடியாது. ஒரு தாதி தம் கைப்பேசியில் என்னைக் காணொளியில் அழைத்து, அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். இரண்டு நிமிடம் இருக்கும். ஆக்சிஜன் மாஸ்க்கைச் சரிசெய்ய அவர் விலக்கிய ஒரு நொடியில் அப்பாவின் முகம் முழுதாகத் தெரிந்தது. என் விரல் தானாகத் திரையைப் படம் பிடித்துவிட்டது. நான்கு நாள் கழித்து அப்பா இல்லை. பெட்டியைத் திறக்க அனுமதியில்லை. தூரத்தில் நின்று அனுப்பிவைத்தோம், தம்பியும் இன்னும் இரண்டு பேரும். பின்னறையில் இருந்த அம்மா அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை.

"அப்பா பேசினார், உங்களைக் கேட்டார்" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். படம் இருப்பதைச் சொல்லவில்லை. மெலிந்து, தாடி வளர்ந்து, கன்னத்தில் மாஸ்க் அழுத்திய தடத்தோடு இருந்த அந்த முகத்தை அவரிடம் எப்படிக் காட்டுவது? நான்கு வருடம் என் கைப்பேசியில் ஒளித்துவைத்திருந்ததை, பலகார மாவுக் கையோடு நானே ஹாலில் மாட்டிவிட்டேன்.

பத்து நொடிதான். அடுத்து பிறந்த நாள் கேக் வந்துவிட்டது. அம்மா அழவில்லை. இடியாப்பத்தைத் தட்டில் வைத்துவிட்டு, "இது எப்ப எடுத்தது?" என்றார். சொன்னேன். வேறு எதுவும் கேட்காமல் கை கழுவ எழுந்து போனார்.

அந்த இடைவெளியில் நான் ஒரு காரியம் செய்தேன். திரையைத் தொட்டு, ஒரு படம் பின்னால் தள்ளி, அப்பாவின் படத்தை அழித்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. குழந்தை கையிலிருந்து கத்தியைப் பிடுங்குவதுபோல் செய்துவிட்டேன்.

அம்மா திரும்பி வந்து, நாற்காலியை இழுத்து ஃபிரேமுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். "மறுபடி வரும்தானே?"

"வரும்மா" என்றேன்.

எண்ணூறு படம், படத்துக்குப் பத்து நொடி. ஒரு சுற்று முடிய இரண்டே கால் மணி நேரம் ஆகும். அம்மாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. பில் போனது, பம்பர் போனது, கேக் போனது. மருந்து கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணை எடுக்காமல் விழுங்கினார். "படுங்கம்மா, நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். "நீ போய்ப் படு. நான் உக்காந்திருக்கேன்" என்றார். பதினொன்றரை மணிக்கு நான் அறையிலிருந்து எட்டிப் பார்த்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து, அழித்துவிட்டதைச் சொன்னேன்.

அம்மா என்னை அடித்ததே கிடையாது. அன்றைக்கு அடித்திருந்தால் தேவலை. "நீ பார்த்துட்ட. நான் பார்க்க வேணாமா?" என்று கேட்டுவிட்டு, ஃபிரேமின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

ஃபிரேமிலிருந்துதான் அழித்திருந்தேனே தவிர, கைப்பேசியில் படம் இருந்தது. மறுநாள் காலையில் அதை அம்மாவின் கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இரண்டு விரலால் பெரிதாக்கச் சொல்லிக்கொடுத்தேன். "பல்லு செட்டைக் கழட்டிட்டாங்க போல" என்றார். நான் கவனிக்காதது அது.

அதற்குப் பிறகு ஃபிரேம் மூன்று வாரம் வயர் இல்லாமல் கறுப்பாகக் கிடந்தது. தம்பி தொலைபேசியில் என்னைத் திட்டினான். அந்தப் படத்தை மறுபடி ஏற்றவே கூடாது என்றான். அக்கா, அம்மா கேட்டால் ஏற்றத்தான் வேண்டும் என்றார். கடைசியில் அம்மாவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அந்தப் பெட்டியில நான் சொல்ற படத்தை மட்டும் போடு. ஒண்ணொண்ணா காட்டு" என்றார்.

அந்த வேலை நான்கு ஞாயிறு எடுத்தது. எண்ணூறில் முதல் நாளே முந்நூறு போனது. பில், அறிவிப்பு, ஒரே காட்சியின் ஏழெட்டுப் பிரதிகள். நான் மங்கல் என்று தள்ளிய சிலவற்றை அம்மா தடுத்தார். பேத்தி முதுகைக் காட்டிக்கொண்டு ஓடும் ஆடிப்போன படம் ஒன்று. "இவ நடக்கறதே அப்பிடித்தான், இருக்கட்டும்" என்றார். அழகாகச் சிரித்துக்கொண்டு நிற்கும் ஸ்டூடியோ படம் வேண்டாமாம்.

அப்பா விஷயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. நம் வீடுகளில் போனவர்களுக்குச் சுவரில் ஓர் இடம் உண்டு. மாலை, பொட்டு, சின்ன விளக்கு. தீபாவளிக்கு முதல் நாள் படையல் போடும்போது அந்தப் படத்துக்கு முன்னால்தான் இலை விரிப்போம். ஃபிரேமிலோ போனவரும் இருப்பவரும் கலந்து வருகிறார்கள். கேக் வெட்டும் பிள்ளைக்கு அடுத்து மாலை போட்ட தாத்தா வரலாமா? தம்பி அந்தப் பெரிய படத்தையும் எடுத்து உள்ளே போடலாம் என்றபோது அம்மா ஒப்பவில்லை. "மாலை போட்டவரு சுவத்திலயே இருக்கட்டும். உள்ள மாலை போடாதவரு இருக்கட்டும்." ஆகவே ஃபிரேமில் அப்பா சைக்கிளோடு நிற்கிறார், ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், அக்காவின் கல்யாணத்தில் பந்தியில் தண்ணீர் ஊற்றுகிறார்.

கைப்பேசிப் படங்கள் முடிந்ததும் அம்மா தம் அலமாரியிலிருந்து பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் இருந்த காலத்துப் படங்கள். கூடவே, எண்பதுகளில் எல்லார் வீட்டிலும் இருந்த பசை ஆல்பங்கள் இரண்டு. பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை ஒட்டுவோமே, அந்த வகை. அந்தப் பசை நாளாக நாளாக மஞ்சளாகி, படத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் கிழியும். பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே கொடுத்து, அறுப்பதுபோல் மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வராதவற்றை ஆல்பத்தோடு சேர்த்தே படமெடுத்தேன்.

விசித்திரம் என்னவென்றால், அறுபதுகளின் கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்னும் தெளிவாக இருக்கின்றன. எழுபதுகளின் வண்ணப் படங்கள்தான் செக்கச் செவேலென்று மாறிவிட்டன. கறுப்பு வெள்ளையில் உருவத்தைத் தாங்குவது வெள்ளி உலோகம், நிலைத்து நிற்கும். வண்ணத்தில் இருப்பது சாயம். அந்தக் காலத்துத் தாள்களில் நீலச்சாயம் முதலில் மங்கும். நீலம் போனால் மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும்தான். வெளிச்சமே படாமல் டின்னுக்குள் இருந்தாலும் இது நடக்கும். நம் ஊர் ஈரக் காற்றில் பூஞ்சையும் சேர்ந்துகொள்கிறது. எதை முதலில் பிரதி எடுப்பது என்று யோசிப்பவர்கள் வண்ணப் படங்களிலிருந்து ஆரம்பியுங்கள். ஸ்கேனர் இருந்தால் அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 300 புள்ளி போதும். சிறியவற்றுக்கு 600 வையுங்கள். இல்லையென்றால் ஜன்னல் பக்கத்து நிழல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், படத்துக்கு நேர் மேலே கைப்பேசியைப் பிடித்து எடுக்கலாம்.

டின்னின் அடியில் பாட்டியின் படம் இருந்தது. அம்மாவின் அம்மா. 1948இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லாரும் படம் ஒட்டி, கைரேகை வைத்த அடையாள அட்டை எடுக்க வேண்டியதாயிற்று. தோட்டத்துச் சனங்களில் பலர் முதன்முதலாகக் கேமராவுக்கு முன்னால் நின்றது அதற்காகத்தான். பாட்டிக்கு முதலும் கடைசியுமான படம் அதுதான். அவர் போன பிறகு, அட்டையிலிருந்த தபால்தலை அளவு முகத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, சேலைக்குப் பச்சை வண்ணம் தீட்டி வாங்கியிருக்கிறார்கள். "எங்கம்மாகிட்ட பச்சை சேலையே கிடையாது" என்றார் அம்மா. "அந்த ஸ்டூடியோக்காரன்கிட்ட பச்சை மைதான் இருந்திருக்கும்."

எனக்குப் பெரிதாகப் பட்டது பெயர்கள். ஆயாக் கொட்டகைக்கு முன்னால் 14 பெண்கள் வரிசையாக நிற்கும் படம் ஒன்று. பால் வெட்டு முடிந்து வந்த கோலம். இரண்டு பேர் கையில் இன்னும் வாளி இருக்கிறது. எனக்கு அதில் அம்மாவை மட்டும்தான் தெரியும். அம்மா விரல் வைத்து ஒவ்வொருவராகச் சொன்னார். மண்டோர் வீட்டு அக்கா. கோழி வளர்த்த அத்தை. நான் பிறந்தபோது மருத்துவச்சி வரும்வரை பக்கத்திலேயே இருந்த பெரியம்மா. "உனக்கு முதல்ல தண்ணி ஊத்துனது இவங்கதான்." ஐம்பது வருடம் கழித்து அந்த முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தத் தோட்டத்தில் இப்போது லயமும் இல்லை, பால் மரமும் இல்லை. செம்பனையும் ஒரு தாமானும்தான். அந்தப் பதினான்கு பேரையும் அடையாளம் சொல்லக்கூடியவர் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அம்மாவுக்கும் சில பெயர்கள் வாய்வரை வந்து நின்றன; மறுநாள் சமையலறையிலிருந்து திடீரென்று கூப்பிட்டுச் சொன்னார். பதின்மூன்று பேர் கிடைத்தார்கள். இடக்கோடியில் முந்தானையைத் தலையில் போட்டிருக்கும் ஒருவர் யாரென்று கடைசிவரை வரவில்லை.

அந்தப் பெயர்களை ஃபிரேமில் படத்தின் கீழே வரும்படி எழுதப் பார்த்தேன். எங்கள் ஃபிரேமுக்குத் தமிழ் தெரியாதாம். கட்டங் கட்டமாக வந்தது. பிறகு கைப்பேசியிலேயே படத்தின் மேல் எழுத்தைப் பதித்து, அதையே படமாகச் சேமித்து ஏற்றினேன். எழுத்தில்லாத மூலப்படம் தனியாக இருக்கிறது. அசல் படங்களின் பின்னால் மென்மையான பென்சிலால் எழுதிவைத்தேன். பேனாவால் எழுதினால் மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

மற்றவை சின்ன விஷயங்கள். அக்கா மகனின் ஐபோன் படங்கள் பல முதலில் ஃபிரேமில் திறக்கவில்லை. 2017லிருந்து அந்தக் கைப்பேசி வேறொரு கோப்பு வடிவில் சேமிக்கிறது, ஜேபெக்காக மாற்றித் தர வேண்டும். இணையத்தில் இணையும் ஃபிரேம் என்றால், வெளியூர்ப் பிள்ளைகள் அங்கிருந்தே படம் அனுப்பலாம். ஆனால் அந்தப் படங்கள் தயாரிப்பாளரின் சர்வர் வழியாகத்தான் வருகின்றன. அந்த நிறுவனம் சேவையை நிறுத்தினால் வசதியும் போய்விடும். எனவே ஒரே பிரதியை ஃபிரேமில் வைக்காதீர்கள். இணைப்புக் குறியீட்டைக் குடும்பத்துக்கு வெளியே கொடுக்காதீர்கள். யாருக்காவது தூக்கிக் கொடுப்பதற்கு முன் உள்ளிருப்பதை முழுவதும் அழித்துவிடுங்கள். காலை ஏழுக்குத் தானாக எரிந்து இரவு பத்துக்கு அணையும்படி வைத்திருக்கிறேன். எங்களுடையதற்கு மாதம் மூன்று யூனிட்கூட ஆகாது. பத்து நொடியை ஒரு நிமிடமாக மாற்றினேன். அம்மாவுக்கு அதுவே வேகம்தான். இப்போது இரண்டு நிமிடம். ஒரு படம் போய் இன்னொன்று வருவதற்குள், தோட்டத்துக் கதை ஒன்றைத் தொடங்கி முடித்துவிடலாம்.

காணொளியில் பிடித்த அந்தப் படத்தை என்ன செய்வது என்பதை மட்டும் கடைசிவரை நான் கேட்கவில்லை, கேட்கப் பயம். நான்காம் ஞாயிறு, எல்லாம் முடிந்து டின்னை மூடும்போது அம்மாவே சொன்னார். "அது சுத்திச் சுத்தி வர வேணாம். யாராவது வந்து உக்காந்திருக்கும்போது வரும். எனக்குக் கையில கொடு."

தாமான் கடைத்தெருவில் இருக்கும் படக் கடைக்கு இருவரும் போனோம். கைப்பேசியிலிருந்து 4ஆர் அளவில் ஒரே ஒரு படம். கடைத் தம்பி கணினியில் திறந்து பார்த்துவிட்டு, "ரொம்ப இருட்டா இருக்கு பாட்டி. முகத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கட்டுமா? அந்த வயரெல்லாம்கூட எடுத்திடலாம்" என்றார். நல்ல மனத்தோடுதான் கேட்டார்.

அம்மா எட்டித் திரையைப் பார்த்தார்.

"வேணாம்பா. அப்பிடியே போடு."